மனக்காயத்துக்குக் கண் அசைவுச் சிகிச்சை: இஎம்டிஆர் முறையை முதல் நாளிலிருந்து கடைசி அமர்வு வரை விளக்கும் முழுமையான வழிகாட்டி

சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அந்த வளைவுகளிலோ, தொப்பூர் கணவாயிலோ, கொண்டலாம்பட்டி புறவழிச்சாலையிலோ விபத்தில் சிக்கி உயிர் தப்பியவர்களில் பெரும்பாலானோர் சில வாரங்களில் பழைய நிலைக்கு வந்துவிடுகிறார்கள். ஒரு சிலருக்கு மட்டும் எலும்பு கூடி, தையல் பிரித்து, வேலைக்குத் திரும்பிய பிறகும் அந்த நாள் முடியாமல் நடந்துகொண்டே இருக்கிறது. வீட்டில் நடந்த வன்முறை, சிறு வயதில் நேர்ந்த பாலியல் கொடுமை, கண்ணெதிரே நிகழ்ந்த மரணம், தறிக்கூடத்தில் கை சிக்கிய நொடி என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். இத்தகையவர்களுக்கு உலக அளவில் ஏற்கப்பட்ட சிகிச்சைகளில் ஒன்று இஎம்டிஆர் எனப்படும் கண் அசைவுச் சிகிச்சை. அதில் என்னென்ன நடக்கும், எந்த வரிசையில் நடக்கும், எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்பதைச் சிகிச்சைக்குப் போகப்போகிறவரின் பக்கத்திலிருந்து இங்கே விளக்குகிறேன். இதைப் படித்துவிட்டு ஒருவர் தமக்குத் தாமே செய்துகொள்ளும்படி எழுதவில்லை. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

இது யாருக்கு

அதிர்ச்சி நடந்த முதல் சில நாட்களில் தூக்கம் வராததும், திடுக்கிடுவதும், அழுகை வருவதும் இயல்பானவை. அவற்றை நோய் என்று சொல்ல முடியாது. ஒரு மாதத்துக்கு மேலும் அவை தணியாமல், வேலையையும் குடும்பத்தையும் பாதிக்கும்போதுதான் பிடிஎஸ்டி (அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு) என்ற நிலையைப் பற்றி மருத்துவர்கள் யோசிக்கிறார்கள். நடந்தது மறுபடி இப்போதே நடப்பதைப் போலக் கண்முன் வருவது, கெட்ட கனவு, அந்த இடத்தையும் பேச்சையும் தவிர்ப்பது, எப்போதும் உஷாராக விறைத்திருப்பது, தன்னைப் பற்றியும் பிறரைப் பற்றியும் எண்ணம் கசந்துபோவது ஆகியவை இதன் முக்கிய அறிகுறிகள்.

நம் பக்கத்தில் இதை "பயந்துட்டான்" என்று ஒரே சொல்லில் முடித்து, மந்திரித்து விபூதி போடுவார்கள். கோட்டை மாரியம்மன் கோயிலுக்கு அழைத்துப் போவார்கள். அதனால் மனம் ஆறுகிறவர்களுக்கு அது ஆறுதலே, சிகிச்சைக்கு இடையூறும் இல்லை. உண்மையான இடையூறு வேறு இடத்திலிருந்து வருகிறது. ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸுமாகப் பார்க்க வரும் உறவினர் ஒவ்வொருவரும் "எப்படி ஆச்சு, சொல்லு" என்று கேட்க, அடிபட்டவர் ஒரே நாளில் பலமுறை அந்த விபத்துக்குள் போய்த் திரும்ப வேண்டியிருக்கிறது. பாதுகாப்பும் ஒழுங்கும் இல்லாமல் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பது ஆற்றாது. வீட்டார் செய்யக்கூடிய முதல் உதவி, வாசலிலேயே அந்தக் கேள்வியைத் தாங்கள் வாங்கிக்கொள்வதுதான்.

முதல் மாதத்தில் தூக்கம் வரவில்லை என்று டயஸிபாம் வகை மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்கிப் போடுவதும் வேண்டாம். அதிர்ச்சிக்குப் பிந்தைய முதல் மாத அறிகுறிகளுக்கு அந்த வகை மருந்தைத் தர வேண்டாம் என்றே உலக சுகாதார நிறுவனம் 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அதே வழிகாட்டுதல்தான், பிடிஎஸ்டி உள்ள பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் பரிசீலிக்கக்கூடிய உளச்சிகிச்சைகளில் ஒன்றாக இஎம்டிஆரைக் குறிப்பிட்டது. இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பும் 2018-இல் போர் சாராத அதிர்ச்சிகளால் பாதிக்கப்பட்ட பெரியவர்களுக்கு இதைப் பரிந்துரைத்தது.

கண்ணை அசைத்தால் என்ன ஆகும்?

1987-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஃபிரான்சின் ஷபீரோ என்ற உளவியலாளர், பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது தம்மை வாட்டிக்கொண்டிருந்த எண்ணங்களின் வேகம் சட்டெனக் குறைந்ததையும், அந்நேரம் தம் கண்கள் பக்கவாட்டில் வேகமாக அசைந்ததையும் கவனித்தார். அதைப் பிறரிடம் சோதித்துப் பார்த்து, 22 பேரை வைத்துச் செய்த ஆய்வை 1989-இல் வெளியிட்டார். வெறும் கண் அசைவாகத் தொடங்கியது பின்னர் எட்டுக் கட்டங்கள் கொண்ட முழுச் சிகிச்சையாக வளர்ந்தது. ஷபீரோ 2019-இல் காலமானார்.

அவருடைய விளக்கம் இது: சாதாரணமாக ஒரு கசப்பான அனுபவத்தை மனம் மெல்ல மெல்ல ஜீரணித்து, தேவையான பாடத்தை வைத்துக்கொண்டு மீதியைத் தணித்துவிடுகிறது. அளவுக்கு மீறிய அதிர்ச்சியில் அந்த வேலை பாதியில் நின்றுவிடுவதால், அன்றைய காட்சியும் ஓசையும் வாடையும் உடல் உணர்வும் "என்னாலதான்" என்ற எண்ணமும் அப்படியே உறைந்து கிடக்கின்றன. நின்ற வேலையை மறுபடி ஓட வைப்பதே சிகிச்சை. இது ஒரு கருத்தாக்கமே தவிர, மூளையில் நேரடியாகப் பார்த்து உறுதிப்படுத்தப்பட்ட ஒன்றல்ல.

ஆய்வகச் சான்று கூடுதலாக இருப்பது வேறொரு விளக்கத்துக்கு. நம் மனம் ஒரே சமயத்தில் கையாளக்கூடியது கொஞ்சம்தான். ஒரு கொடிய காட்சியை மனத்தில் நிறுத்திக்கொண்டே, ஓடும் விரலைக் கண்ணால் விரட்டிப் பிடிக்க வேண்டியிருந்தால் இரண்டுக்கும் போதிய இடம் கிடைக்காது. அதனால் காட்சி மங்குகிறது, அதனுடன் வரும் உணர்ச்சியின் சூடும் குறைகிறது. மங்கிய நிலையிலேயே அது மீண்டும் நினைவில் பதிகிறது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் மார்சல் வான் டென் ஹவுட், ஐரிஸ் எங்கல்ஹார்ட் முதலியோர் இந்தக் கோணத்தில் நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். கண் அசைவுக்குப் பதிலாகக் கைகளில் மாறி மாறித் தட்டுவதும், இரு காதுகளிலும் மாறி மாறி ஒலி கேட்கச் செய்வதும் நடைமுறையில் உண்டு.

கண் அசைவு உண்மையிலேயே தேவையா என்ற சண்டையையும் சொல்லிவிட வேண்டும். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வு, கண் அசைவால் கூடுதல் பயன் இல்லை என்று 2001-இல் சொன்னது. 2013-இல் வந்த மற்றொரு தொகுப்பாய்வு, பயன் உண்டு என்றது. விவாதம் முழுதாக முடிந்துவிடவில்லை. சிகிச்சை மொத்தமாகப் பலன் தருகிறது என்பதில் அவ்வளவு சண்டை இல்லை. என் பார்வையில், நோயாளிக்கு முக்கியமானது விரலின் ஓட்டத்தைவிட அதற்கு முன்னும் பின்னும் இருக்கும் ஒழுங்கு. அந்த ஒழுங்கைத் தெரிந்துகொண்டு போகிறவர், தமக்குக் கிடைப்பது சரியான சிகிச்சையா, அரைகுறையா என்று தாமே கண்டுபிடித்துவிடலாம்.

யாரிடம் போவது?

முதல் படி, இது பிடிஎஸ்டிதானா என்று ஒரு மனநல மருத்துவரிடம் உறுதிசெய்துகொள்வது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மலையிலிருந்து இறங்கி வருவது சிரமமாக இருந்தால், மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணைக் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டின் 104 சுகாதார உதவி எண்ணும் உண்டு. இவை சிகிச்சைக்கு மாற்றாக மாட்டா. எங்கே போவது என்று தெரியாமல் தவிப்பவருக்கு வழிகாட்ட இவை போதும்.

இரண்டாம் படி, இஎம்டிஆர் பயின்றவரைத் தேடுவது. இந்தியாவில் மருத்துவ உளவியலாளர்கள் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். அடுத்து, அவர் இஎம்டிஆரில் அடிப்படைப் பயிற்சி முழுவதையும் முடித்தவரா, யாருடைய மேற்பார்வையில் செய்தார் என்று கேளுங்கள். சர்வதேச அளவில் அடிப்படைப் பயிற்சி என்பது பாடம், செய்முறை, மேற்பார்வை எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 50 மணி நேரம். ஒரு வார இறுதிப் பட்டறையில் சான்றிதழ் வாங்கியவரும், ஒரே அமர்வில் எல்லாவற்றையும் அழித்துவிடுவதாக வாக்குத் தருபவரும் வேண்டாம். சேலத்தில் பொருத்தமானவர் கிடைக்காவிட்டால் பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை வரை போகிறவர்களும் இருக்கிறார்கள். தனியறையும் நிலையான இணைய இணைப்பும் இருந்தால் காணொளி வழியாகவும் பலர் இதைச் செய்கிறார்கள். வாராவாரம் தொப்பூரைத் தாண்டிப் பயணம் போவதே ஒருவருக்கு நடுக்கமாக இருந்தால் காணொளி முறை கைகொடுக்கும்.

பேச்சு எந்த மொழியில் நடக்கும் என்பதும் முக்கியம். அதிர்ச்சியின் நினைவு எந்த மொழியில் பதிந்ததோ அந்த மொழியிலேயே அது வெளிவருவது எளிது. ஆங்கிலத்தில் தடுமாறி விளக்க வேண்டிய அமர்வில் பாதி உணர்வு வழியிலேயே தங்கிவிடும்.

முதல் இரண்டு கட்டங்கள்: வரலாறும் ஆயத்தமும்

இனி எட்டுக் கட்டங்களைப் பார்ப்போம். விளக்கத்துக்காக ஒரு கற்பனை மனிதரை வைத்துக்கொள்கிறேன். வயது 34. ஏற்காட்டிலிருந்து காப்பி மூட்டைகளையும் மிளகையும் சேலம் லீ பஜாருக்கு இறக்கும் ஈச்சர் வண்டியின் ஓட்டுநர். இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் வண்டி மலைப் பக்கச் சுவரில் மோதி நின்றது. கூட வந்த கிளீனர் பையனுக்குக் கால் எலும்பு முறிந்தது, பிறகு சேர்ந்துவிட்டது. ஆறு மாதம் கழித்தும் அவரால் ஸ்டியரிங்கைத் தொட முடியவில்லை. ஊருக்குள் ஏதாவது லாரியின் பிரேக் லைனிங் கருகும் வாடை வந்தால் உள்ளங்கை வியர்த்து, கால் தானாகவே தரையை அழுத்துகிறது.

முதல் கட்டத்தில் சிகிச்சையாளர் வரலாறு கேட்பார். விபத்து மட்டுமல்ல, அதற்கு முன் நடந்தவையும், இப்போது எது தூண்டுகிறது என்பதும், இனி என்ன செய்ய முடிய வேண்டும் என்பதும் இதில் வரும். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் சிகிச்சையின் திட்டம். எல்லாவற்றையும் விரிவாகச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. தலைப்பு மட்டும் சொன்னால் போதும். குறிப்பாகப் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு இது பெரிய ஆறுதல். நடந்ததை வரிக்கு வரி விவரிக்கச் சொல்லாத, வீட்டுப்பாடம் என்று எதையும் பெரிதாகத் தராத சிகிச்சை இது.

நீதிமன்றத்தில் விபத்து இழப்பீட்டு வழக்கோ, போக்சோ வழக்கோ நடந்துகொண்டிருந்தால் அதையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சிகிச்சையால் நினைவின் கூர்மை குறையக்கூடும் என்பதால், சாட்சி சொல்வதற்கு முன் தொடங்கலாமா, பின் தொடங்கலாமா என்று வழக்கறிஞரிடம் கலந்து முடிவெடுப்பது நல்லது.

இரண்டாம் கட்டம் ஆயத்தம். அவசரக்காரர்கள் தாவிப்போக நினைப்பதும், தாவினால் ஆபத்தாவதும் இதுதான். நினைவைத் திறப்பதற்கு முன், திறந்ததை மூடவும், அலைமோதும் உடலை நிகழ்காலத்துக்குக் கொண்டுவரவும் நோயாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும். அமைதியான ஓர் இடத்தை மனத்தில் உருவாக்கி, அதன் நிறமும் ஒலியும் உடலில் தரும் இதமும் வரும்வரை பழகச் சொல்வார்கள். இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. நம் ஓட்டுநர் முதலில் ஏற்காட்டின் லேடீஸ் சீட் என்ற காட்சிமுனையிலிருந்து இரவில் தெரியும் சேலத்து விளக்குகளைச் சொன்னார் என்று வைத்துக்கொள்வோம். அழகான இடம்தான், ஆனால் மனம் அங்கே போக வேண்டுமானால் அந்த வளைவுகளைத் தாண்டித்தான் போக வேண்டும். கொஞ்ச நேரத்தில் அமைதி கலைந்துவிடும். நல்ல சிகிச்சையாளர் அதைக் கவனித்து வேறு இடம் கேட்பார். அம்மாபேட்டையில் அம்மா வீட்டுத் திண்ணை, உள்ளே தறி ஓடும் சத்தம், மதிய நேரம் என்று அவர் சொல்லக்கூடும். மற்றவருக்கு இரைச்சலாக இருக்கும் தறிச் சத்தம் அவருக்குத் தாலாட்டு. எது அமைதி தரும் என்பதை நோயாளியின் உடல்தான் தீர்மானிக்கும்.

நிறுத்தும் சைகையும் இந்தக் கட்டத்தில்தான் முடிவாகும். கையை உயர்த்தினால் அந்த நொடியே சிகிச்சையாளர் நிறுத்த வேண்டும். கண் எரிச்சலோ வலியோ வந்தாலும் நிறுத்தி, தட்டும் முறைக்கு மாறலாம். சிலருக்கு இந்த ஆயத்தம் ஓர் அமர்வில் முடிகிறது. சிறு வயது முதல் பல ஆண்டுகள் கொடுமையை அனுபவித்தவர்களுக்கு மாதக்கணக்கிலும் ஆகலாம்; அது தாமதம் ஆகாது.

மூன்றாம் கட்டம்: எதைத் தொடப்போகிறோம்

நினைவின் மிக மோசமான ஒரு காட்சியைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். ஓட்டுநருக்கு அது மோதல் இல்லை. பிரேக்கை மிதித்தபோது பெடல் எதிர்ப்பே இல்லாமல் தரை வரை இறங்கிய நொடி. அந்தக் காட்சியைப் பார்க்கையில் தன்னைப் பற்றி இப்போது என்ன தோன்றுகிறது என்ற கேள்விக்கு வரும் பதில்தான் எதிர்மறை நம்பிக்கை. "பயமா இருந்துச்சு" என்பது உணர்ச்சி, நம்பிக்கை ஆகாது. "தப்பு என்மேலதான்" என்பது நம்பிக்கை. அதற்குப் பதிலாக என்ன நம்ப விரும்புகிறீர்கள் என்றும் கேட்பார்கள்: "என்னால முடிஞ்சதை நான் செஞ்சேன்." இந்த நல்ல வாக்கியம் இப்போது எவ்வளவு உண்மையாகப் படுகிறது என்பதை 1 முதல் 7 வரை ஓர் எண்ணாகச் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் 2 என்றுதான் வரும். காட்சியின் வேதனையை 0 முதல் 10 வரை அளக்க வேண்டும். இந்த அளவுகோல் ஜோசப் வோல்ப் என்ற மருத்துவர் வகுத்த முறையிலிருந்து வந்தது. ஓட்டுநர் 8 என்கிறார். உடலில் எங்கே தெரிகிறது? வலது காலிலும் நெஞ்சிலும்.

எண் சொல்லச் சொன்னால் நம்மவர்கள் சிகிச்சையாளரின் முகத்தைப் பார்த்துக் குறைத்துச் சொல்வதுண்டு. அவர் மனம் கோணக் கூடாது என்ற மரியாதைதான் காரணம். இங்கே அந்த மரியாதை உதவாது. குறையாத எண்ணைக் குறைந்ததாகச் சொன்னால் சிகிச்சை பாதியில் முடிந்துவிடும்.

நான்காம் கட்டம்: கண் அசைவு

சிகிச்சையாளர் எதிரே, சற்றே பக்கவாட்டில் அமர்ந்து, முகத்திலிருந்து ஓரடி சொச்சம் தள்ளி இரண்டு விரல்களை நீட்டி, இடமும் வலமுமாக வேகமாக அசைப்பார். தலையைத் திருப்பாமல் கண்ணால் மட்டும் பின்தொடர வேண்டும். ஏறத்தாழ 24 முறை, அதாவது அரை நிமிடம் அளவில், போய் வந்தால் ஒரு சுற்று. பிறகு ஒரு மூச்சு. "இப்ப என்ன வருது?" என்று கேட்பார். வந்ததைச் சுருக்கமாகச் சொன்னால் போதும்; அவர் அலசமாட்டார், ஆறுதல் வார்த்தையும் அதிகம் சொல்லமாட்டார். "அதையே கவனிங்க" என்று அடுத்த சுற்றைத் தொடங்குவார். இந்த மௌனம் பலருக்கு முதலில் வினோதமாக இருக்கும்.

நம் ஓட்டுநரின் அமர்வை அருகிலிருந்து பார்த்தால் இப்படி இருக்கலாம்.

"வாடை வருதுங்க மேடம். பிரேக் கருகுற வாடை."

"அதையே கவனிங்க."

ஒரு சுற்று. "பையன் கத்துறாங்க. அண்ணா அண்ணாங்கிறான்."

"சரி. அதோடயே இருங்க."

இன்னொரு சுற்று. "அவங்கம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க. என்னை ஒரு வார்த்தை திட்டலீங்க. அதுதாங்க தாங்கல."

அழுகை வருகிறது. சிகிச்சையாளர் நிறுத்துவதில்லை, "அது பழசுதான், இப்ப நீங்க இங்க இருக்கீங்க" என்று தணிந்த குரலில் சொல்லிக்கொண்டே விரலை ஓட்டுகிறார். அடுத்த மூன்று சுற்றுகளிலும் "தப்பு என்மேலதான்" என்ற அதே இடத்தில் மனம் சுற்றிச் சுற்றி வருகிறது. அப்படிச் சிக்கிக்கொள்ளும்போது மட்டும் சிகிச்சையாளர் ஒரு சிறு கேள்வியை உள்ளே விடலாம்.

"ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடிச்சீங்க?"

"மலைப் பக்கமாங்க. சுவத்துல."

"கவனிங்க."

சுற்று முடிகிறது. கொஞ்ச நேரம் பேச்சில்லை. "இந்தப் பக்கம் ஒடிச்சிருந்தா பள்ளங்க. ரெண்டு பேருமே இல்லீங்க. நான்தாங்க ஒடிச்சேன், மலைப் பக்கமா."

இந்தத் தகவல் அவருக்குப் புதிதன்று. காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தபோதே அவர் சொன்னதுதான். பெடல் இறங்கிய நொடியில் உறைந்திருந்த நினைவோடு அது இதுவரை சேராமல் தனியே கிடந்தது. "உன் மேல தப்பில்ல, விடுப்பா" என்று ஊரே ஆறு மாதமாகச் சொல்லியும் நடக்காதது, அவருக்குள் ஏற்கெனவே இருந்த ஒரு செய்தி உரிய இடத்தில் சேர்ந்தவுடன் நடக்கிறது. இந்தச் சிகிச்சையை நான் மதிப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான்: பதிலை வெளியிலிருந்து ஊட்டுவதில்லை.

எல்லா அமர்வும் இவ்வளவு சீராக ஓடிவிடாது. எதுவுமே வரவில்லை என்று சிலர் சொல்வார்கள். சிலருக்குக் குமட்டும், சிலருக்கு உடல் நடுங்கும். தொடர்பே இல்லாத சிறுவயதுச் சம்பவம் ஒன்று வந்து நிற்கும். இவை எல்லாமே எதிர்பார்க்கக்கூடியவை. ஆனால் அறையே தூரமாகிப் போவதைப் போலவோ, தான் தானில்லை என்பதைப் போலவோ தோன்றினால் உடனே கையை உயர்த்திச் சொல்லிவிட வேண்டும். அங்கிருந்து நிகழ்காலத்துக்குத் திரும்பிய பிறகே தொடர வேண்டும்.

ஐந்து முதல் எட்டு வரை

வேதனை எண் 0-க்கு வந்ததும், அல்லது அந்தச் சூழலில் நியாயமான அளவுக்கு இறங்கியதும், ஐந்தாம் கட்டத்தில் நல்ல வாக்கியத்தைப் பழைய காட்சியோடு சேர்த்து நினைத்துக்கொண்டு கண் அசைவைச் செய்வார்கள். அது 7-ஐ எட்டும்வரை தொடரும். ஆறாம் கட்டத்தில் தலை முதல் கால் வரை உடலை ஒருமுறை கவனிக்கச் சொல்வார்கள். ஓட்டுநரின் வலது காலில் இறுக்கம் மிஞ்சியிருந்தால் அதையும் ஒரு சுற்றில் கரைப்பார்கள்.

ஏழாம் கட்டமான முடித்துவைத்தல் ஒவ்வொரு அமர்வின் இறுதியிலும் வரும். ஓர் அமர்வு வழக்கமாக 60 முதல் 90 நிமிடம். அதற்குள் நினைவு முழுதாக ஆறாமல் போகலாம். அப்போது அதை மனத்தளவில் ஒரு பெட்டியில் வைத்து மூடி, அம்மாபேட்டைத் திண்ணைக்குத் திரும்பி, உடல் தணிந்த பிறகே எழுந்திருக்க வேண்டும். நேரமாகிவிட்டது என்று கலங்கிய நிலையிலேயே அனுப்பிவைப்பவரிடம் மறுபடி போக வேண்டாம்.

எட்டாம் கட்டம் அடுத்த அமர்வின் தொடக்கம்: போன வாரம் தொட்ட நினைவு இப்போது எந்த எண்ணில் இருக்கிறது, புதிதாக என்ன வந்தது என்று பார்ப்பது. கடந்தது தணிந்ததும் இன்றைய தூண்டல்களை, அதாவது கருகும் வாடையை, அதே முறையில் எடுப்பார்கள். அதன் பிறகு, வண்டியை அடிவாரச் சோதனைச் சாவடி தாண்டி முதல் வளைவுக்குக் கொண்டுபோவதை மனத்தில் ஓட்டிப் பார்க்கச் செய்வார்கள். ஒரே ஒரு விபத்து போன்ற தனி நிகழ்வுக்கு மொத்தம் 6 முதல் 12 அமர்வுகள் என்பது பொதுவான கணக்கு. சிலருக்கு அதைவிடக் குறைவாகவும் முடியும். ஓட்டுநருக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. அமைதியான மனம் பழுதான பிரேக்குக்கு ஈடாகாது. வண்டியை முறையாகச் சரிபார்த்து, இறக்கத்தில் கீழ் கியரில் வருவது அவர் பொறுப்பாகவே இருக்கும்.

அமர்வு முடிந்த பின்

அன்று களைப்பாக இருக்கும். கனவுகள் கூடலாம், எதற்கென்று தெரியாமல் அழுகை வரலாம். மூளை வேலையைத் தொடர்கிறது என்று எடுத்துக்கொண்டு, ஒரு நோட்டில் இரண்டு வரி குறித்துவைத்து, அடுத்த அமர்வில் சொன்னால் போதும். மலையில் குடியிருப்பவர்கள் சிகிச்சை முடிந்த கையோடு தாமே இருசக்கர வாகனத்தில் ஏறக் கூடாது. துணைக்கு ஒருவரை அழைத்து வந்து பேருந்தில் திரும்புங்கள். அன்று இரவுப் பணியோ, கல்யாண வேலையோ வைத்துக்கொள்ள வேண்டாம். வீட்டார் "என்ன பேசினாங்க, என்ன கேட்டாங்க" என்று துருவாமல், காப்பி போட்டுக் கொடுத்துத் தூங்க விட்டாலே பெரிய உதவி. நோயாளியின் தகவல்களை ரகசியமாக வைக்க வேண்டும் என்பது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. கணவரோ மாமியாரோ கேட்டார்கள் என்பதற்காகச் சிகிச்சையாளர் சொல்லிவிட முடியாது.

எப்போது தள்ளிப்போட வேண்டும்?

தற்கொலை எண்ணம் தீவிரமாக இருப்பவர், மனச்சிதைவு நோயின் தீவிர நிலையில் இருப்பவர், குடியையோ மாத்திரையையோ கட்டுப்படுத்த முடியாத நிலையில் இருப்பவர் முதலில் அவற்றுக்கான சிகிச்சையைப் பெற வேண்டும். வலிப்பு, கண் நோய், இதய நோய், கர்ப்பம் ஆகியவற்றை முன்கூட்டியே சொல்லி மருத்துவர் கருத்தைக் கேட்டுத் தொடங்க வேண்டும். அன்றாடம் சாப்பிடும் மாத்திரைகளைத் தாமாக நிறுத்தவும் கூடாது.

அடிக்கும் கணவனோடு அதே வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு இன்னும் ஆபத்து முடியவில்லை. அவர் உஷாராக இருப்பது நோயின் அறிகுறி இல்லை, அவரைக் காப்பாற்றும் அரண். அவருக்கு முதலில் தேவை பாதுகாப்பு: பெண்கள் உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098, அவசரத்துக்கு 112. நினைவை ஆற்றும் வேலை அதன் பிறகு.

வீட்டில் தாமே செய்யலாமா?

பந்து இடமும் வலமும் ஓடும் காணொளிகள் யூடியூபில் ஏராளம். அவற்றைப் பார்த்துக்கொண்டு தம் மிகக் கொடிய நினைவைத் தனியே திறப்பவருக்கு நிறுத்தும் சைகையைப் பார்க்க எதிரே ஆளில்லை, சிக்கிக்கொண்டால் அந்த ஒரு கேள்வியைக் கேட்கவும் ஆளில்லை. வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

தனியே செய்யத்தக்கவை ஆயத்தக் கட்டத்தைச் சேர்ந்தவை. பட்டாம்பூச்சி அணைப்பு அவற்றில் எளியது. 1997-இல் மெக்சிகோவின் அகபுல்கோவைத் தாக்கிய பாலின் புயலில் தப்பிய குழந்தைகளுக்காக லூசினா ஆர்டிகாஸ் என்பவர் உருவாக்கியது. கைகளை நெஞ்சின் குறுக்கே வைத்து, விரல் நுனிகள் காறை எலும்பின் (கழுத்தடியிலிருந்து தோள் வரை போகும் எலும்பு) கீழ் படும்படி, இடமும் வலமும் மாறி மாறி மெதுவாகத் தட்டிக்கொண்டு மூச்சைச் சீராக விட வேண்டும். அதைச் செய்யும்போது விபத்தை வலிந்து நினைக்காமல், அமைதியான இடத்தை மட்டும் நினைப்பது பாதுகாப்பானது. படபடப்பு கூடினால் நிறுத்திவிட்டு, அறையில் கண்ணில் படும் பொருட்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லி, முகத்தில் குளிர்ந்த நீரை அடித்துக்கொள்ளலாம். கூட்டுக்குடும்பத்தில் தனியறை கிடைக்காதவர்கள் மொட்டை மாடியிலோ, குளிக்கும் முன்னோ சில நிமிடம் பழகலாம்.

பலன் தெரியாவிட்டால்

கண் அசைவு தொடங்கி நான்கைந்து அமர்வுகள் ஆன பின்னும் எண் நகரவே இல்லையென்றால், சிகிச்சையாளரிடம் நேராகக் கேட்டுவிடுங்கள். தேர்ந்தெடுத்த நினைவு தவறாக இருக்கலாம். அதற்கு அடியில் வேறொன்று இருக்கலாம். ஆயத்தம் போதாமல் இருக்கலாம். அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கும் இதே அளவு வலுவான சான்று உண்டு, அதற்கு மாறுவது தோல்வியும் ஆகாது. செர்ட்ரலின், பராக்சடின் போன்ற மருந்துகளை மனநல மருத்துவர் தரலாம், மருந்தையும் உளச்சிகிச்சையையும் சேர்த்தும் செய்யலாம். சிகிச்சைச் செலவுக்கு மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்கள் தங்கள் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்: உடல் நோய்க்கு இணையாக மன நோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017 சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொல்கிறது, ஆனால் மருத்துவமனையில் தங்காமல் பெறும் அமர்வுகளுக்கு அது கிடைக்குமா என்பது அவரவர் பாலிசியின் நிபந்தனையைப் பொறுத்தது.